பிபி மெஷின் நல்லதுதான், கூட வந்த பட்டையில்தான் வில்லங்கம்

எட்டு மாதமாக எங்கள் வீட்டில் ஒரு பிபி மெஷின் ஓடிக்கொண்டிருக்கிறது. மேல்கையில் பட்டையைச் சுற்றி, பட்டனை அமுக்கினால் தானாகக் காற்றேறி இறங்கி எண்ணைக் காட்டுமே, அந்தச் சாதாரண வகை. கம்பெனி பெயரைச் சொல்லப்போவதில்லை. நான் சொல்லப்போகிற குறை அந்த ஒரு பெட்டிக்கு மட்டும் உரியதில்லை, கடையில் இருக்கிற முக்கால்வாசி பெட்டிகளுக்கும் பொருந்தும், அதனால் பெயரைச் சொல்லி ஒருவரை மட்டும் திட்டுவது நியாயமாகப் படவில்லை.

வாங்கியது அப்பாவுக்காக. வயது 71, பல வருடமாக பிபி மாத்திரை சாப்பிடுகிறார். டாக்டரிடம் போகும்போதெல்லாம் மேலே 150, 155 என்று காட்டும். அப்பாவோ "எனக்கு ஒண்ணும் இல்ல, அங்க உட்கார்ந்தாலே ஏறிடுது" என்பார். டாக்டரும் அதை மறுக்கவில்லை, "ஒரு வாரம் வீட்டிலேயே பார்த்து எழுதிக்கொண்டு வாருங்கள், அப்புறம் மாத்திரையைக் கூட்டுவதா வேண்டாமா என்று முடிவு செய்யலாம்" என்று அனுப்பிவிட்டார்.

சரி என்று மெஷின் வாங்கி, அன்றைக்கே ஆரம்பித்தோம். முதல் நாள் காலை 152. மாலை 149. மறுநாள் 155. வீட்டிலும் இப்படித்தான் இருக்கிறது என்றால் டாக்டர் அறை பயம் என்பதெல்லாம் சும்மா, மாத்திரையைக் கூட்ட வேண்டியதுதான் என்று நான் முடிவே கட்டிவிட்டேன். அப்பா முகம் தொங்கிப்போனது.

மூன்றாம் நாள் காற்று ஏறும்போது பட்டையின் ஒட்டுப்பகுதி சர்ர்ரென்று பிரிந்து கையிலிருந்து கழன்று விழுந்தது. மறுபடி சுற்றினால் மறுபடி அதே கதை. மட்டமான பொருளைத் தலையில் கட்டிவிட்டார்கள் என்று திட்டிக்கொண்டே பட்டையைத் திருப்பிப் பார்த்தேன். உள்பக்கம் சின்ன எழுத்தில் 22-32 செ.மீ. என்று அச்சடித்திருந்தது. இன்ச் டேப்பை எடுத்து அப்பாவின் மேல்கையைச் சுற்றி அளந்தேன், தோளுக்கும் முழங்கைக்கும் நடுவில். 35 செ.மீ. இளவயதில் உடல் உழைப்பு, இப்போது கொஞ்சம் சதை, பெரிய கை. பட்டைதான் சின்னது.

பெரிய பட்டை, 32-42 அளவு, தனியாக வாங்க வேண்டியிருந்தது. அது வந்த அன்று ஒரே நாற்காலியில், ஒரே கையில், இடையில் சில நிமிடம் விட்டு விட்டு, சின்னதையும் பெரியதையும் மாற்றி மாற்றிப் போட்டுப் பார்த்தோம். சின்னதில் 151, பெரியதில் 142. திரும்ப சின்னதில் 149, பெரியதில் 141. எட்டு ஒன்பது புள்ளி காற்றில் கரைந்துபோனது. (மி.மீ. பாதரசம் என்று முழுசாகச் சொல்ல வேண்டும், நான் புள்ளி என்றே எழுதிவிட்டுப் போகிறேன்.)

இதைப் பற்றி ஆராய்ச்சி ஏதாவது நடந்திருக்கிறதா என்று தேடிப் படித்தபோதுதான் எனக்கு உறைத்தது. அமெரிக்காவில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ் ஆய்வாளர்கள் 195 பேரை வைத்து இதையே சோதித்து 2023-ல் வெளியிட்டிருக்கிறார்கள். பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்குச் சாதாரணப் பட்டை போட்டால் மேல் எண் சராசரியாக ஏறக்குறைய 5 புள்ளி கூடுதலாகக் காட்டியது. மிகப் பெரிய பட்டை தேவைப்படுகிறவர்களுக்கோ 19.5 புள்ளி! ஒல்லிக் கைக்காரர்களுக்கு நேர்மாறு, சாதாரணப் பட்டையே அவர்களுக்குப் பெரிது, அதனால் 3.6 புள்ளி குறைத்துக் காட்டியது. அதாவது பிபி இல்லாத ஒருவரை நோயாளியாக்கவும், இருக்கிற ஒருவரை "நன்றாக இருக்கிறீர்கள்" என்று அனுப்பிவிடவும் அந்தத் துணிப்பட்டை ஒன்றே போதும். இவ்வளவு முக்கியமான விஷயத்தைப் பெட்டியின் மேல் கொட்டை எழுத்தில் போடாமல் பட்டையின் உள்பக்கத்தில் ஒளித்துவைத்திருப்பதுதான் என் முதல் புகார். கடைக்காரரும் கேட்கவில்லை. செருப்பு வாங்கப் போனால்கூட அளவு கேட்கிறார்கள்.

இப்போது மெஷினைப் பற்றி. பழைய பாதரசக் கருவியில் டாக்டர் ஸ்டெதாஸ்கோப் வைத்துச் சத்தம் கேட்பார். 1905-ல் கொரோட்கோவ் என்ற ரஷ்ய அறுவை மருத்துவர் சொன்ன முறை அது, நூறு வருடத்துக்கு மேல் ஓடியது. நம் மெஷினுக்குக் காது கிடையாது. பட்டையில் காற்று இருக்கும்போது உள்ளே ரத்தக்குழாய் துடிக்கிற துடிப்பு காற்றில் ஒரு சின்ன அதிர்வாக ஏறுகிறது, எந்த அழுத்தத்தில் அந்த அதிர்வு அதிகமாக இருக்கிறதோ அதைச் சராசரி அழுத்தம் என்று எடுத்துக்கொண்டு, அதிலிருந்து மேல் எண்ணையும் கீழ் எண்ணையும் கணக்குப் போட்டுச் சொல்கிறது. அந்தக் கணக்கு கம்பெனிக்குக் கம்பெனி வேறு, வெளியே சொல்லவும் மாட்டார்கள். அதனால்தான் ஒரு மாடலை முறைப்படி சோதித்திருக்கிறார்களா என்று பார்க்கச் சொல்கிறார்கள். சர்வதேசத் தரத்தின்படி குறைந்தது 85 பேரிடம், பயிற்சி பெற்றவர்கள் ஸ்டெதாஸ்கோப் வைத்து எடுக்கும் அளவோடு ஒப்பிட வேண்டும், சராசரி வித்தியாசம் 5 புள்ளிக்குள் இருக்க வேண்டும். தேறிய மாடல்களின் பட்டியலை ஸ்ட்ரைட் பிபி என்ற தளத்தில் இலவசமாகப் பார்க்கலாம். நான் வாங்கியது அந்தப் பட்டியலில் இருந்தது, அதைப் பார்த்துத்தான் வாங்கினேன். பக்கத்து அலமாரியில் பளபளவென்று இருந்த இன்னொரு மாடல் அதில் இல்லை. கடையில் நட்சத்திர மதிப்பீடு என்னவோ அதற்குத்தான் அதிகம்.

இந்த வகை மெஷினுக்கு ஒரு பலவீனம் உண்டு. துடிப்பு ஒழுங்கில்லாமல் ஓடுகிறவர்களுக்கு, முக்கியமாக ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் (இதயத்தின் மேலறைகள் தாறுமாறாகத் துடிக்கிற கோளாறு) இருப்பவர்களுக்கு, ஒவ்வொரு தடவையும் எண் தாறுமாறாக மாறும். அவர்கள் மூன்று தடவையாவது எடுத்துச் சராசரி பார்க்க வேண்டும். திரையில் ஒரு இதய அடையாளம் கண் சிமிட்டும், துடிப்பு சீராக இல்லை என்று அர்த்தம். அப்பா நடுவில் கையை ஆட்டினாலும் அது சிமிட்டுகிறது, அதனால் ஒரு தடவை பார்த்துப் பதற வேண்டாம். அடிக்கடி வந்தால் டாக்டரிடம் சொல்லிவிடுங்கள்.

பட்டை பிரச்சினை தீர்ந்தது. அடுத்தது அப்பாதான்.

"அப்பா, பேசாதீங்க."

"நான் எங்கடா பேசினேன்? கரன்ட் பில் கட்டியாச்சான்னுதானே கேட்டேன்."

திரையில் 157. பேசாமல் ஐந்து நிமிடம் உட்கார வைத்து எடுத்தால் 143. பேச்சு மட்டும் இல்லை, கால் மேல் கால் போடுவது, முதுகைச் சாய்க்காமல் நாற்காலி நுனியில் உட்காருவது, சிறுநீரை அடக்கிக்கொண்டு உட்காருவது, எல்லாமே எண்ணை ஏற்றும். இதெல்லாம் கையேட்டில் இருக்கிறது. ஆனால் கையை எங்கே வைக்கிறோம் என்பது இவ்வளவு பெரிய விஷயம் என்று எனக்குத் தெரியாது. அப்பா வழக்கமாக மடியில் வைத்துக்கொள்வார், டாக்டர் அறையில் மேஜை தள்ளி இருப்பதால் அங்கேயும் அப்படித்தான். அதே ஜான்ஸ் ஹாப்கின்ஸில் 133 பேரை வைத்துச் செய்த இன்னொரு ஆய்வு 2024-ல் வந்தது. கையை மேஜை மேல் இதயத்தின் மட்டத்தில் தாங்கி வைத்து எடுத்த அளவோடு ஒப்பிட்டால், மடியில் வைத்தால் மேல் எண் 3.9 புள்ளி கூடுதல், பக்கவாட்டில் தொங்கவிட்டால் 6.5 புள்ளி கூடுதல். சின்னப் பட்டை, மடியில் கை, நடுவில் கரன்ட் பில். மூன்றையும் கூட்டிப் பாருங்கள், ஒரு புது மாத்திரை எழுதுகிற அளவுக்கு வந்துவிடும்.

இப்போது சாப்பாட்டு மேஜையில் ஒரு தலையணையை மடித்து வைத்து அதன் மேல் கையை வைக்கிறார். ஐந்து நிமிடம் அசையாமல் உட்காருவது மட்டும்தான் அவருக்குப் பெரிய தண்டனை.

மெஷினின் மற்ற சமாச்சாரங்களைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். எண்கள் பெரிதாக இருக்கின்றன, கண்ணாடி இல்லாமலே அப்பா படிக்கிறார். பட்டன் ஒன்றுதான் என்பதால் குழப்பம் இல்லை. பேட்டரி எட்டு மாதத்தில் ஒரு தடவை மாற்றினேன், தீரும் நேரத்தில் காற்று ஏறும் சத்தமே முனகலாக மாறிவிடும், அதுதான் அறிகுறி. இரண்டு பேர் அளவைத் தனித்தனியாகச் சேமிக்கலாம் என்று போட்டிருக்கிறது, ஆனால் பக்கத்தில் இருக்கிற சின்னச் சுவிட்சை மாற்ற மறந்தால் என் அளவு அப்பா கணக்கில் போய் உட்கார்ந்துகொள்ளும். இரண்டு வாரம் அப்படிப் போன பிறகுதான் கவனித்தேன். போனில் இணைக்கிற செயலியைப் பற்றிப் பேசாமல் இருப்பதே நல்லது. பாதி நாள் இணையவே இணையாது, இணைந்தால் ஏதோ சந்தா கட்டச் சொல்லும். ஒரு நோட்டும் பேனாவும் அதைவிட மேல், டாக்டரும் நோட்டைத்தான் புரட்டிப் பார்த்தார்.

எப்படி எடுப்பது என்பதற்கு ஒரு முறை இருக்கிறது, அதைக் கையேட்டில் தேடினால் கிடைக்காது. ஐரோப்பிய உயர் ரத்த அழுத்தச் சங்கத்தின் 2023 வழிகாட்டுதலில் இருக்கிறது. ஏழு நாள், முடியாவிட்டால் குறைந்தது மூன்று நாள். காலையில் மாத்திரைக்கு முன் இரண்டு தடவை, மாலையில் இரண்டு தடவை, ஒவ்வொரு இரண்டுக்கும் நடுவில் ஒரு நிமிடம். முதல் நாள் எண்களைத் தள்ளிவிட்டு மீதியைச் சராசரி பாருங்கள். வீட்டில் எடுக்கும் சராசரிக்கு எல்லை 135/85, டாக்டர் அறையில் 140/90. இந்த ஐந்து புள்ளி வித்தியாசம் தெரியாமல் "வீட்டில் 138தானே, 140-க்குள்தானே இருக்கிறது" என்று நிம்மதியாக இருப்பவர்கள் நிறையப் பேர். ஆரம்பத்தில் ஒரு தடவை இரண்டு கையிலும் எடுத்துப் பார்த்து, எதில் அதிகமோ அந்தக் கையையே பிறகு தொடர்ந்து பயன்படுத்த வேண்டும்.

அந்த நிம்மதிக்காரர்களில் நானும் ஒருவன். அப்பாவுக்குச் செய்கிறோமே, நாமும் பார்ப்போம் என்று விளையாட்டாக ஒரு வாரம் எடுத்தேன். எனக்கு 44 வயது, அலுவலகத்தில் வருடா வருடம் செய்யும் பரிசோதனையில் எப்போதும் 124, 126 என்றுதான் வரும். வீட்டுச் சராசரி 139/88. மெஷின் கெட்டுவிட்டது என்று நினைத்து அடுத்த வாரமும் எடுத்தேன். 138/89. டாக்டர் 24 மணி நேரம் கையில் கட்டிக்கொள்கிற கருவியைக் கொடுத்து உறுதி செய்தார். வெளியே சாதாரணமாகக் காட்டி உள்ளே ஏறியிருக்கிற இந்த வகைக்கு மறைந்திருக்கும் ரத்த அழுத்தம் என்று பெயர். அப்பாவுக்கு டாக்டர் அறையில் ஏறுகிறது, மகனுக்கு அங்கே இறங்குகிறது, என்ன குடும்பமோ! உலகத்தில் 30-லிருந்து 79 வயதுக்குள் 128 கோடிப் பேருக்கு உயர் ரத்த அழுத்தம் இருக்கிறது, அதில் பாதிக்குக் கொஞ்சம் குறைவானவர்களுக்கு அது இருப்பதே தெரியாது என்று உலக சுகாதார நிறுவனம் 2021-ல் சொன்னதைப் படித்துவிட்டு அடுத்த செய்திக்குப் போனவன் நான்.

வீட்டு அளவுக்கு உண்மையிலேயே மதிப்பு உண்டா என்று கேட்டால், உண்டு. ஜப்பானில் ஓஹசாமா என்ற ஊரில் மக்களை வருடக்கணக்காகத் தொடர்ந்து பார்த்தார்கள். பரிசோதனை முகாமில் எடுத்த அளவைவிட வீட்டில் அவர்களே எடுத்த அளவுதான் பின்னால் வரப்போகும் ஆபத்தைச் சரியாகக் காட்டியது என்று 1998-லேயே எழுதிவிட்டார்கள். ஆனால் மெஷின் வாங்கி வைத்துவிட்டால் பிபி குறைந்துவிடுமா என்பது வேறு கேள்வி. அதற்குப் பிரிட்டனில் ஒரு பெரிய சோதனை நடந்தது, 1182 பேர், 2018-ல் லான்செட் இதழில் வந்தது. ஏற்கெனவே பிபி கட்டுக்குள் இல்லாதவர்களைப் பிரித்து, ஒரு பகுதியினரை வழக்கம்போல் டாக்டர் அறை அளவை வைத்து நடத்தினார்கள், மற்றவர்களுக்கு வீட்டு அளவைப் பார்த்து மாத்திரையை மாற்றினார்கள். ஒரு வருடம் கழித்து வீட்டு அளவுக்காரர்களுக்கு மேல் எண் 3.5 புள்ளி குறைவு, எண்களைப் போன் வழியாக அனுப்பியவர்களுக்கு 4.7 புள்ளி குறைவு. சின்ன எண் மாதிரித் தெரியும். ஆனால் குறைத்தது மெஷின் இல்லை, அந்த எண்ணைப் பார்த்து டாக்டர் மருந்தை மாற்றினாரே, அதுதான். நோட்டை அலமாரியிலேயே வைத்திருந்தால் ஒரு புள்ளியும் இறங்காது.

எவ்வளவுக்குக் குறைக்க வேண்டும் என்பதில் கொஞ்சம் நிதானம் வேண்டும். 2015-ல் அமெரிக்காவில் ஸ்பிரின்ட் என்ற சோதனை, 9361 பேர், எல்லோரும் 50 வயதுக்கு மேல், இதய ஆபத்து கூடுதலாக உள்ளவர்கள், சர்க்கரை நோய் இல்லாதவர்கள். மேல் எண்ணை 140-க்குக் கீழே வைப்பதா, 120-க்குக் கீழே வைப்பதா என்று பார்த்தார்கள். 120 அணியில் மாரடைப்பு, பக்கவாதம், இதயச் செயலிழப்பு போன்றவை 25 சதவீதம் குறைவு, இறப்பு 27 சதவீதம் குறைவு. சோதனையையே முன்கூட்டி நிறுத்திவிட்டார்கள். இதைப் படித்துவிட்டு என் அலுவலக நண்பர் ஒருவர் 120 வந்தே ஆக வேண்டும் என்று டாக்டரிடம் சண்டை பிடித்தார். அவர் படிக்காமல் விட்டது, அந்த அணியில் பிபி மிகவும் இறங்கிப்போவதும் மயக்கமும் சிறுநீரகப் பாதிப்பும் அதிகமாக இருந்தன என்பதை. அப்புறம் அங்கே எடுத்த 120 என்பது ஐந்து நிமிடம் அமைதியாக உட்கார வைத்து, தானியங்கி மெஷினில் மூன்று தடவை எடுத்துச் சராசரி பார்த்த 120. வாசலில் செருப்பைக் கழற்றிவிட்டு ஓடிவந்து உட்கார்ந்து எடுத்ததை அதோடு ஒப்பிட முடியாது. வயதானவர்களுக்கு எழுந்து நின்றதும் தலை சுற்றுகிறதா என்று கேட்காமல் எண்ணை மட்டும் துரத்துவது எனக்குச் சரியாகப் படவில்லை, அப்பா விஷயத்தில் டாக்டரும் 130 பக்கம் நின்றால் போதும் என்றுதான் சொன்னார்.

மாத்திரையைக் காலையில் போடுவதா ராத்திரியா என்ற பட்டிமன்றமும் எங்கள் வீட்டில் நடந்தது. ராத்திரி போட்டால்தான் இதயத்துக்குப் பாதுகாப்பு என்று யாரோ அப்பாவிடம் சொல்லிவிட்டார்கள், அவரும் மாற்றி, மறந்து, ஒரு வாரத்தில் இரண்டு நாள் போடவே இல்லை. பிரிட்டனில் 21,104 பேரை ஐந்து வருடத்துக்கு மேல் பார்த்த டைம் என்ற ஆய்வு 2022-ல் வந்தது. மாரடைப்பு, பக்கவாதம், அவற்றால் இறப்பு எதிலும் சொல்லிக்கொள்ளும்படி வித்தியாசம் இல்லை. மறக்காமல் போட முடிகிற நேரம் எதுவோ அதுதான் நேரம். அப்பா பல் தேய்க்கிற இடத்துக்கே மாத்திரை டப்பா திரும்பிவிட்டது.

மணிக்கட்டு மெஷின் வாங்கலாமா என்று கேட்பவர்களுக்கு: கை மிகவும் பெரிதாக இருந்து எந்தப் பட்டையும் பொருந்தாவிட்டால் மட்டும். மணிக்கட்டு இதயத்துக்கு 10 செ.மீ. கீழே இறங்கினாலே ஏழெட்டுப் புள்ளி கூடிவிடும், தினமும் அதைச் சரியாகத் தூக்கிப் பிடிக்கிற பொறுமை யாருக்கு இருக்கிறது? பட்டையே இல்லாமல் பிபி சொல்கிறேன் என்கிற கடிகாரங்களை இப்போதைக்கு நம்ப வேண்டாம். அவற்றில் பலவற்றை அவ்வப்போது பட்டை மெஷினோடு ஒப்பிட்டுச் சரி செய்துகொள்ளவே சொல்கிறார்கள், நோயைக் கண்டுபிடிக்கவோ மருந்தை மாற்றவோ அவற்றைப் பயன்படுத்தாதீர்கள் என்று அதே 2023 வழிகாட்டுதலும் சொல்கிறது.

இன்னொரு குறை, இது மெஷின் மேல் இல்லை, எங்கள் மேல். பெரிய பட்டை வந்த புதிதில் அப்பா ஒரு நாளைக்குப் பத்துப் பன்னிரண்டு தடவை எடுக்க ஆரம்பித்துவிட்டார். ஒரு எண் கூடினால் பதற்றம், பதற்றத்தில் அடுத்த எண் இன்னும் கூடும். ராத்திரி இரண்டு மணிக்கு எழுந்து எடுத்து 161 என்று என்னை எழுப்பினார். அதற்குப் பிறகு மெஷின் என் அலமாரிக்குள் போய்விட்டது, டாக்டரைப் பார்க்கப் போவதற்கு முந்தைய வாரம் மட்டும் வெளியே வரும். மார்வலி, பேச்சுக் குழறல், ஒரு பக்கம் கை கால் தளர்வது மாதிரி எதுவும் இருந்தால் எண்ணைப் பார்த்துக்கொண்டு உட்காராமல் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும் என்று மட்டும் அலமாரிக் கதவில் எழுதி ஒட்டியிருக்கிறேன்.

மதிப்பெண் என்றால், மெஷினுக்கு ஐந்துக்கு நான்கரை, செயலிக்கு ஒன்று, பெட்டிக்குள் ஒரே அளவுப் பட்டையை மட்டும் போட்டு அனுப்பியதற்கு அதுவும் கிடையாது. அப்பாவுக்கு மாத்திரை கூடவில்லை, போன வாரச் சராசரி 131/78. எனக்குத்தான் புதிதாக ஒன்று ஆரம்பித்திருக்கிறது, உப்பையும் குறைக்கச் சொல்லியிருக்கிறார்கள்.

வாங்கப் போகிறவர்கள் முதலில் கையை அளந்துகொண்டு போங்கள். பெரிய பட்டை தனியாக வாங்க வேண்டியிருந்தால் அதே கம்பெனியின், அதே மாடலுக்கு உரியதாகப் பாருங்கள். குழாய் முனை பொருந்துகிறது என்பதற்காக வேறு கம்பெனிப் பட்டையை மாட்டினால் சோதித்துத் தேறிய கணக்கு எதுவும் அதற்குச் செல்லாது. நான் முதலில் வாங்கிய பட்டைக்கு முனையே பொருந்தவில்லை, திருப்பி அனுப்பிப் பணம் வர பதினெட்டு நாள் ஆனது.